உதட்டுக்கு ஒரு கணக்கு, கூந்தலுக்கு ஒரு கணக்கு

சீலியாக் நோய் உறுதியானவர்களுக்கும், அவர்களுக்குச் சமைத்துப் போடுவோருக்கும், இந்நோயுள்ள பிள்ளைகளைக் குளிப்பாட்டித் தலைவாரி விடுவோருக்கும்:

குளூட்டன் என்பது கோதுமை, பார்லி, ரை ஆகிய தானியங்களில் உள்ள சேமிப்புப் புரதங்களுக்குப் பொதுப்பெயர். பரோட்டா மாவை வீசி வீசித் துணிபோல விரிக்க முடிவது இந்தப் புரதம் இழுபடுவதால்தான். வயிற்றில் முழுதாகச் செரிக்காத குளூட்டன் துண்டுகள் சிறுகுடல் சுவருக்குள் நுழைகின்றன. அங்கே டிரான்ஸ்குளூட்டமினேஸ் என்னும் நொதி அவற்றைச் சற்றே மாற்றுகிறது. டிக்யூ2 அல்லது டிக்யூ8 என்னும் மரபுக்கூறு உள்ள உடலில், எதிர்ப்பு அணுக்கள் அந்த மாறிய துண்டைப் பகையாகக் கருதிப் படை திரட்டுகின்றன. குடலுறிஞ்சிகள் தேய்ந்து மழுங்குகின்றன. உண்ட உணவின் இரும்பும் கால்சியமும் உடலில் சேராமல் போகின்றன. உடல் தன்னையே தாக்கிக்கொள்ளும் நோய் இது. கோதுமை ஒவ்வாமை என்பது வேறு. குளூட்டன் இல்லாத உணவை வாழ்நாள் முழுதும் உண்பதே சீலியாக்குக்கு மருத்துவம்.

தமிழ்நாட்டில் இது அரிது. இந்தியாவின் மூன்று பகுதிகளில் 23,000-க்கும் மேற்பட்ட பெரியவர்களைச் சோதித்த ஓர் ஆய்வு 2016-ல் வெளியானது. சீலியாக்கைச் சுட்டும் எதிர்ப்பொருள் வடக்கே 1.23 சதவீதத்தினரிடமும் தெற்கே 0.10 சதவீதத்தினரிடமும் இருந்தது. மரபுக்கூறு இரு பக்கமும் ஏறத்தாழ ஒரே அளவுதான். வேறுபட்டது கோதுமை: வடக்கே ஒருவர் நாளொன்றுக்குச் சராசரியாக 455 கிராம் உண்ண, தெற்கே 25 கிராம். அரிதான நோய் என்பதால், நோய் உறுதியான வீட்டுக்கு விவரம் கேட்க அக்கம்பக்கத்தில் யாரும் இருப்பதில்லை. கோதுமை, மைதா, ரவை கூடாது என்பதோடு மருத்துவமனைப் பேச்சு முடிந்துவிடுகிறது. ஷாம்பு புட்டியின் பின்புறம் கோதுமைப் புரதம் என்று எழுதியிருப்பதை ஒருநாள் தாயார் பார்க்கிறார். அன்றிலிருந்து குளியலறையும் பயத்துக்குரிய இடமாகிறது. அந்தப் பயத்தில் எவ்வளவு நியாயம், எவ்வளவு வீண் என்பதே இந்த மடலின் பொருள்.

விடையின் பெரும்பகுதி எளியது. சீலியாக்கில் குளூட்டன் கேடு செய்யும் இடம் சிறுகுடல். அங்கே போகும் வழி வாய். தலைமுடியிலோ முதுகிலோ பூசிய குளூட்டன் குடலைச் சென்றடைவதில்லை. தோலின் மேலடுக்கு, பெரிய மூலக்கூறுகளை உள்ளே விடாத சுவர். தோல் வழியாக மருந்து செலுத்த முனைவோர் 500 டால்டன் (மூலக்கூறு எடையின் அலகு) என்பதை ஓர் எல்லையாகக் கொள்வது வழக்கம். அதைவிடப் பெரிய மூலக்கூறு நல்ல தோலை ஊடுருவுவது கடினம். குளூட்டனின் ஒரு பகுதியான கிளையடின் 30,000 டால்டனுக்கு மேல். மற்றொரு பகுதியான குளூட்டெனின் பின்னிப் பிணைந்து பல லட்சம் டால்டன் எடைக்குப் போகிறது. ஆகவே கோதுமைப் புரதம் கலந்த ஷாம்பு, கண்டிஷனர், குளியல் சோப்பு, உடலில் பூசும் லோஷன் ஆகியவற்றைச் சீலியாக்குக்காக மட்டும் வீட்டிலிருந்து வெளியேற்றத் தேவையில்லை.

இதைக் கேட்டதும் எழும் நியாயமான மறுப்பு ஒன்று உண்டு. சீலியாக்குக்குத் தோலில் தோன்றும் வடிவமே இருக்கிறதே? இருக்கிறது. டெர்மடைடிஸ் ஹெர்பெடிஃபார்மிஸ் என்பது அதன் பெயர். 1884-ல் அமெரிக்கத் தோல் மருத்துவர் லூயிஸ் டூரிங் அதைத் தனி நோயாக விவரித்தார். முழங்கை, முழங்கால், பிட்டம், தலை ஆகிய இடங்களில் சிறு கொப்புளங்கள் கூட்டமாக எழும்; அரிப்பு தாங்க முடியாது. கொப்புளம் வெளியே தெரிந்தாலும் அதன் வேர் குடலில் இருக்கிறது. உண்ட குளூட்டனால் உருவாகும் ஐஜிஏ வகை எதிர்ப்பொருள் தோலின் மேலடுக்குக்கு அடியில் வந்து படிகிறது. அந்தப் படிவுதான் கொப்புளமாகிறது. டாப்சோன் மாத்திரை அரிப்பைச் சில நாட்களில் அடக்கும், ஆனால் குடலை ஆற்றாது. அதற்கு உணவுக் கட்டுப்பாடே வேண்டும். இந்த நோயுள்ளவர் புது லோஷன் பூசிய வாரத்தில் கொப்புளம் கண்டால் லோஷனைக் குற்றம் சொல்வது இயல்பு. பெரும்பாலும் தேடவேண்டிய இடம் அந்த வாரத்துச் சாப்பாடு.

இரண்டாவது மறுப்பு இன்னும் வலுவானது, ஜப்பானிலிருந்து வருவது. அங்கே, தேயிலைத் துளி என்று பொருள்படும் 'ச்சா நோ ஷிசுகு' என்னும் முகச் சோப்பு அஞ்சல்வழி ஏராளமாக விற்றது. வழவழப்புக்காக அதில் அமிலத்தால் உடைத்த கோதுமைப் புரதம் சேர்க்கப்பட்டிருந்தது. நாள்தோறும் அதில் முகம் கழுவியவர்களில் சிலருக்கு இமை வீங்கியது. பிறகு, அதுவரை தடையின்றிக் கோதுமை உண்டு வந்தவர்கள், ரொட்டியோ நூடுல்ஸோ சாப்பிட்டு உடலை அசைத்து வேலை செய்ததும் தடிப்பும் மூச்சுத்திணறலும் வந்து விழுந்தார்கள். 2011-ல் சோப்பு திரும்பப் பெறப்பட்டது. பாதிக்கப்பட்டோர் எண்ணிக்கை 2,000-ஐத் தாண்டியது.

தோல் சுவர் என்றால் இது எப்படி நடந்தது? பதிலில்தான் இரு நோய்களின் வேறுபாடு இருக்கிறது. ஜப்பானில் வந்தது கோதுமை ஒவ்வாமை. ஐஜிஇ என்னும் வேறொரு எதிர்ப்பொருளின் வேலை. ஒவ்வாமைக்கு அளவு முக்கியமில்லை. தோலின் மேலடுக்கிலேயே காவலிருக்கும் அணுக்கள் சிறிதளவு புரதத்தைத் தொட்டாலே போதும், உடல் அதை நினைவில் வைத்துக்கொள்ளும். சோப்பின் நுரை தோலின் எண்ணெய்ப் பூச்சைக் கரைத்து வழிவிட்டது. கண், மூக்கின் ஈரச் சவ்வுகளும் வழிவிட்டன. சீலியாக் அப்படி இயங்குவதில்லை. குடல் சுவருக்குள் குறிப்பிட்ட அளவு குளூட்டன் போய்ச் சேர்ந்தால்தான் அந்த அழிவு நடக்கும். இருந்தும் ஜப்பானிய நிகழ்வு உலகுக்கு ஒரு பாடமானது: ஐரோப்பிய ஒன்றியம் 2017-ல், அழகுசாதனங்களில் சேர்க்கும் உடைத்த கோதுமைப் புரதத்தின் சராசரி மூலக்கூறு எடை 3,500 டால்டனைத் தாண்டக் கூடாது என்று விதித்தது. சீலியாக்கோடு கோதுமை ஒவ்வாமையும் சேர்ந்து உள்ளவருக்கு, அல்லது ஒரு லோஷன் பட்டதும் தடிப்பு எழுபவருக்கு, அந்தப் பொருள் வேண்டவே வேண்டாம். அங்கே முடிவு சொல்வது ஒவ்வாமைச் சோதனை.

இனி வாய்க்குள் போவதைப் பார்க்கவேண்டும். லிப்ஸ்டிக், லிப் பாம், பற்பசை, வாய் கொப்பளிக்கும் திரவம், பல்செட்டை ஒட்ட வைக்கும் பசை: இவை பூசுவதும் தேய்ப்பதும் வெளியே என்றாலும் ஒரு பகுதி விழுங்கப்படுகிறது. எவ்வளவு என்பதற்குக் கணக்குப் போட்டால் பயத்தின் உருவம் மாறும். நாளொன்றுக்கு 50 மில்லிகிராம் குளூட்டன் மூன்று மாதம் உடலில் சேர்ந்தால் குடல் சேதமடைவதை இத்தாலிய ஆய்வு ஒன்று 2007-ல் காட்டியது. 10 மில்லிகிராமுக்குள் இருந்தால் பெரும்பாலோர்க்குத் தீங்கில்லை என்பது மருத்துவர் பலரின் கணிப்பு. ஒரு சப்பாத்தியில் குளூட்டன் ஏறத்தாழ 2 கிராம். அதில் இருநூறில் ஒரு துணுக்குத்தான் அந்த 10 மில்லிகிராம். உணவில் 'குளூட்டன் இல்லாதது' என்று எழுத, கிலோவுக்கு 20 மில்லிகிராம் என்பது சர்வதேச வரம்பு, இந்தியாவிலும் அதுவே.

இத்தாலிய ஆய்வாளர்கள் பற்பசை, வாய் கொப்பளிக்கும் திரவம், லிப் பாம், லிப்ஸ்டிக் என 66 பொருட்களைச் சோதித்து 2019-ல் முடிவை வெளியிட்டார்கள். 62 பொருட்கள் அந்த 20 வரம்புக்குள் இருந்தன. மூன்று பற்பசைகளும் ஒரு லிப்ஸ்டிக்கும் மட்டும் தாண்டின. அவற்றிலும் கிலோவுக்கு 35 மில்லிகிராமுக்கு மேல் இல்லை. அந்த மோசமான அளவையே எடுத்துக்கொண்டாலும், 100 கிராம் பற்பசைக் குழல் முழுதையும் ஒருவர் ஒரே நாளில் விழுங்கினால் உள்ளே போவது 3.5 மில்லிகிராம். 3.5 கிராம் எடையுள்ள லிப்ஸ்டிக் கிலோவுக்கு 20 மில்லிகிராம் குளூட்டன் கொண்டது என்றால், முழுக் குச்சியும் தருவது 0.07 மில்லிகிராம். பல் தேய்த்துத் துப்புவதற்கும் உதட்டை ஈரப்படுத்திக்கொள்வதற்கும் அஞ்ச வேண்டியதில்லை.

கணக்கு ஓரிடத்தில் மட்டும் தலைகீழாகிறது. மேலே சொன்னது எங்கிருந்தோ ஒட்டிவந்த குளூட்டன். கோதுமைப் புரதத்தையே ஒரு மூலப்பொருளாகச் சேர்த்த லிப் பாமுக்கு வேறு கணக்கு. 4 கிராம் லிப் பாமில் அது ஒரு சதவீதம் என்று வைத்து, அத்தனையையும் குளூட்டனாகவே எண்ணினால் 40 மில்லிகிராம். பெரியவர் ஒருவர் நாளில் 100 மில்லிகிராம் பூசி எல்லாவற்றையும் நக்கிவிட்டாலும் 1 மில்லிகிராம்தான் போகும். ஆனால் ஸ்ட்ராபெரி மணக்கும் லிப் பாமைக் கடித்துத் தின்னும் குழந்தைகள் உண்டு. முழுதும் தின்றுவிட்டால் நாளுக்குரிய வரம்பைப் போல நான்கு மடங்கு ஒரே மூச்சில் உள்ளே போகும். ஆகவே கண்டிப்பு காட்டவேண்டிய பொருள் ஒன்று உண்டென்றால் அது குழந்தையின் லிப் பாம். பெரியவர்களும் உதட்டில் இடுவதில் கோதுமை, பார்லி, ரை பெயர் இல்லாததைத் தேர்ந்தெடுப்பது நல்லது; மாற்று எளிதாகக் கிடைக்கும்போது சிறு அளவையும் ஏன் சேர்க்கவேண்டும்?

தேர்ந்தெடுக்கச் சீட்டைப் படிக்கத் தெரிந்திருக்கவேண்டும். அழகுசாதனச் சீட்டுகளில் தானியங்கள் பெரும்பாலும் தாவரவியல் பெயரில் ஒளிந்திருக்கும். 'டிரிட்டிகம்' என்று தொடங்கினால் கோதுமை, 'ஹார்டியம்' பார்லி, 'சீகேல்' ரை. 'ஹைட்ரலைஸ்டு வீட் புரோட்டீன்' என்பது உடைத்த கோதுமைப் புரதம். முடிக்குப் பளபளப்பு தருவதற்காக ஷாம்பு, கண்டிஷனர்களில் அதிகம் காணப்படுவது. 'வீட் ஜெர்ம் ஆயில்' கோதுமை முளையின் எண்ணெய். எண்ணெயில் புரதம் மிகக் குறைவு. 'அவீனா சட்டைவா' என்பது ஓட்ஸ். அது தன்னளவில் கோதுமைக் குடும்பப் புரதம் கொண்டதில்லை என்றாலும் வயலிலும் ஆலையிலும் கோதுமையோடு கலப்பது சாதாரணம். வறண்ட தோலுக்குப் பூசும் ஓட்ஸ் லோஷன் சீலியாக்கைத் தூண்டாது. உதட்டுக்கு மட்டும் அதைத் தவிர்க்கலாம்.

வீணாகப் பயமுறுத்தும் பெயர்களும் இருக்கின்றன. தோல் வெளுப்புக்கென்று ஊரெல்லாம் விளம்பரமாகும் குளூட்டாதையோன், பெயர் ஒலிப்பால் மட்டுமே குளூட்டனுக்கு உறவு. அது மூன்று அமினோ அமிலங்கள் சேர்ந்த சிறு மூலக்கூறு. (அந்த வெளுப்பு ஊசி மருந்துகளைத் தவிர்க்க வேறு நல்ல காரணங்கள் உண்டு, குளூட்டன் அதில் சேராது.) குளூட்டமிக் அமிலம், குளூக்கோனேட் ஆகியவையும் குளூட்டன் அல்ல. டோக்கோஃபெரால் என்னும் வைட்டமின் ஈ, சோயா எண்ணெயிலிருந்தும் எடுக்கப்படுகிறது, செயற்கையாகவும் தயாரிக்கப்படுகிறது. கோதுமை முளை எண்ணெயிலிருந்தே எடுத்தாலும் அது புரதம் இல்லை.

சீட்டைப் படிக்கச் சொல்வது எளிது. சீட்டே இல்லாதபோது என்ன செய்வது? இந்திய விதிப்படி அழகுசாதனத்தில் ஒரு சதவீதத்துக்கு மேல் உள்ள பொருட்களை எடை வரிசையிலும், மற்றவற்றை அதன் பின்னும் எழுதவேண்டும். ஆனால் 60 மில்லிலிட்டருக்குக் குறைந்த திரவத்துக்கும் 30 கிராமுக்குக் குறைந்த திடப்பொருளுக்கும் இந்தக் கட்டாயம் இல்லை. லிப்ஸ்டிக்கும் லிப் பாமும் 4, 5 கிராம். விழுங்கப்படும் பொருள் எதுவோ அதற்கே விலக்கு. முடியில் தேய்த்துக் கழுவிவிடும் பெரிய புட்டிக்குக் கட்டாயம். உணவுப் பொதியில் குளூட்டன் உள்ள தானியம் இருந்தால் அறிவிக்கவேண்டும் என்று உணவுப் பாதுகாப்பு ஆணையம் விதித்திருக்கிறது. உதட்டில் இடுவதற்கு அப்படி ஒரு வரி கிடையாது. ஷாம்புவில் 'குளூட்டன் ஃப்ரீ' என்று பெரிதாக அச்சிடும் விற்பனை ஆர்வம், உதட்டுக்கான சிறு குச்சியில் மூலப்பொருளை எழுதும் அக்கறையாக மாறினால் இந்த நோயாளிகளுக்கு உண்மையான உதவி கிடைக்கும். வீட்டிலிருந்தே லிப் பாம் காய்ச்சி விற்போர் ஊருக்கு ஊர் பெருகியிருக்கும் காலம் இது. தேன்மெழுகு, தேங்காய் எண்ணெய் என்று அவர்கள் எழுதும் நாலு வரியில் ஒரு தானியப் பெயருக்கும் இடம் இருக்கிறது.

தமிழ் வீட்டுக் குளியலறையைத் தனியே பார்க்கலாம். சீயக்காய், அரப்பு, பயத்தம் மாவு, கடலை மாவு, கஸ்தூரி மஞ்சள், வெட்டிவேர், பூலாங்கிழங்கு: குளியல் பொடியில் சேர்வது எதிலும் குளூட்டன் கிடையாது. பொடி அரைக்கும் மாவு மில்லில்தான் சிக்கல். முன்னால் நின்றவரின் கோதுமை அரைபட்ட அதே இயந்திரத்தில் பயறு கொட்டினால் முதலில் விழுவது கோதுமை மாவு கலந்த பயறு. குளிக்கும் பொடிக்கு அது பொருட்டில்லை, கழுவிப் போய்விடும். அதே மில்லில் அரைத்த கேழ்வரகும் கம்பும் தட்டுக்கு வரும்போது நிச்சயம் பொருட்டு. இரண்டுக்கும் ஒரே நாளில் ஒரே மில்லுக்குப் போகும் வீட்டில், பொடியைப் பற்றிக் கவலைப்பட்டுக் கேழ்வரகை மறப்பது நடக்கிறது.

மைதாவும் கோதுமைத் தவிடும் கலந்து முகத்துக்குப் பூசும் வழக்கம் சில வீடுகளில் உண்டு. அதைக் கடலை மாவுக்கு மாற்றிவிடுவது சுலபம். பூச்சு உதட்டோரம் காய்ந்து உதிரும், உலர்ந்த மாவு மூக்கில் ஏறித் தொண்டை வழியே விழுங்கப்படும். மாவுத் தூசி வெறும் கற்பனைப் பயமில்லை: கால்நடைத் தீவனத் தூசிக்கு நடுவே வேலை செய்த இரண்டு சீலியாக் விவசாயிகள், உணவில் கட்டுப்பாடாக இருந்தும் குணமாகாமல், தூசியைத் தவிர்த்த பின் தேறியதை 2007-ல் ஒரு மருத்துவ இதழ் பதிவு செய்தது.

குளூட்டன் வாய்க்குள் போக, எளிதில் மறந்துவிடும் வழி கைகள். அமெரிக்காவில் குழந்தைகளை வைத்துச் செய்த ஒரு சோதனையில், கோதுமை மாவு கலந்த விளையாட்டுக் களிமண்ணையும் உலர்ந்த பாஸ்தாவையும் தொட்ட கைகளிலிருந்து உணவுக்கு ஒட்டிப்போன குளூட்டன் அந்த 20 வரம்புக்குள்ளேயே இருந்தது. மாவு பிசைந்த கையிலும், மாவுக் கூழில் காகிதம் ஒட்டிய கையிலும் வரம்பைத் தாண்டியது. சோப்புப் போட்டுத் தண்ணீரில் கழுவியதுதான் மிக நன்றாகக் கையைச் சுத்தமாக்கியது. கோதுமைப் புரத லோஷனைக் கையில் பூசிக்கொண்டு பிள்ளைக்குச் சோறு ஊட்டுபவருக்கும் நகம் கடிக்கும் பிள்ளைக்கும் இதுவே போதும்: ஊட்டும் முன், உண்ணும் முன் சோப்புப் போட்டுக் கழுவுதல். சானிட்டைசர் கிருமியைக் கொல்லும். புரதத்தைக் கையிலிருந்து அகற்றாது.

கட்டுப்பாடாக உண்டும் வயிற்றுக் கோளாறு தீரவில்லை, இரத்தத்தில் டிடிஜி (டிரான்ஸ்குளூட்டமினேஸ்) எதிர்ப்பொருள் இறங்கவில்லை என்றால், மிகப் பெரும்பாலும் காரணம் உணவில் தெரியாமல் கலக்கும் குளூட்டன். தமிழ்ச் சமையலறையில் முதல் சந்தேகம் பெருங்காயம். கடையில் கிடைக்கும் கூட்டுப் பெருங்காயத்தில் மைதாவோ கோதுமை மாவோ சேர்ப்பது வழக்கம், டப்பாவின் பக்கவாட்டில் எழுதியும் இருக்கும். அடுத்து, சப்பாத்தி சுட்ட கல்லிலேயே வார்க்கும் தோசை, பூரி பொரித்த எண்ணெயில் பொரிக்கும் அப்பளம், சோயா சாஸ். இவற்றைத் தேடித் தீர்த்த பிறகே குளியலறைக்கு வருவது முறை. அங்கும் முதலில் பார்க்கவேண்டியது உதட்டுக்குரியதையும் பல்லுக்குரியதையும்.

தோலில் மட்டும் அரிப்பு என்றால் லோஷனின் நறுமணப் பொருள், கெடாமல் காக்கும் வேதிப்பொருள், தலைச்சாயத்தில் உள்ள பிபிடி ஆகியவை சந்தேகத்துக்குரியவை. இவற்றால் வரும் தோல் அழற்சி சீலியாக் இல்லாதவர்களுக்கும் வரும். அது டெர்மடைடிஸ் ஹெர்பெடிஃபார்மிஸா என்று அறிய, மருத்துவர் கொப்புளத்தை ஒட்டிய நல்ல தோலிலிருந்து சிறு துணுக்கு எடுத்து ஐஜிஏ படிவைத் தேடச் சொல்வார். கொப்புளத்தையே எடுத்தால் படிவு அழிந்திருக்கக்கூடும் என்பதால் பக்கத்துத் தோல். குளூட்டனை விட்டுப் பல மாதம் ஆன பிறகு எதிர்ப்பொருள் இறங்கிவிடுவதால், சந்தேகம் எழுந்தவர் தாமாக உணவை மாற்றிக்கொள்ளும் முன்பே சோதனையைச் செய்துகொள்வது நல்லது.

சீட்டில் விவரம் இல்லாத லிப் பாமுக்குத் தயாரிப்பாளரிடம் கேட்கவேண்டிய கேள்வி ஒன்றுதான்: இதில் கோதுமை, பார்லி, ரை ஆகியவற்றிலிருந்து எடுத்த ஏதாவது சேர்க்கப்பட்டிருக்கிறதா? 'குளூட்டன் இல்லாததா' என்று கேட்டால், அழகுசாதனத்தில் அதற்குச் சட்டப் பொருள் இல்லாததால், ஆம் என்ற பதிலும் எதையும் உறுதி செய்யாது. தானியத்தைப் பெயர் சொல்லிக் கேட்டால் பதிலும் தானியத்தின் பெயரில் வரும். பதில் வராத பொருளைக் குழந்தையின் பள்ளிப் பையில் போடாமல், மூலப்பொருள் அச்சிட்ட வேறொன்றை வாங்கிக்கொள்ளலாம். அல்லது அந்த உதட்டுக்குக் கொஞ்சம் தேங்காய் எண்ணெயே போதும்.